கரண்ட் லிமிட் ஒழுங்காக வேலை செய்தது, போர்டு கருகியது

மொபைல் ஸ்டார்ட்டர் என்றால் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வரி: கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால், வீட்டில் உட்கார்ந்தபடியே போன் போட்டு மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் சின்னப் பெட்டி. உள்ளே சிம் கார்டு போட்ட ஒரு ஜிஎஸ்எம் மோடம், ஒரு மைக்ரோகண்ட்ரோலர், இரண்டு ரிலே, அப்புறம் இவற்றுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் ஒரு பவர் சப்ளை. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கும் சென்சாருக்கு வெளியே ஒரு நீளமான வயரும் போகும். இந்த வயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கொங்குப் பக்கம் சின்ன அளவில் இதைச் செய்து விற்கும் ஒருவரின் போர்டு இது. பெயர் வேண்டாம். அவருக்கு முதலில் ஒரு புகார் வந்தது, அதைச் சரி செய்தார். சில மாதம் கழித்து வேறு ஒரு புகார் வந்தது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்றுதான் அவர் நினைத்தார். போர்டுகளைப் பார்த்த பிறகு என் முடிவு வேறு: முதல் புகாருக்குச் செய்த வைத்தியம்தான் இரண்டாவது புகாரைப் பெற்றெடுத்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே விஷயம், ஸ்விட்சிங் ரெகுலேட்டரின் (ஒரு ஸ்விட்சை வேகமாகப் போட்டு அணைத்து வோல்டேஜை இறக்கும் சிப்) ஓவர்கரண்ட் பாதுகாப்பு, அதாவது கரண்ட் எல்லை மீறினால் வெட்டிவிடும் கரண்ட் லிமிட்.

முதலில் சர்க்யூட். இரண்டு பேஸிலிருந்து ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜ், பெரிய கெப்பாசிட்டர் ஒன்று. வெளியே வரும் டிசி சுமார் 18 வோல்ட். ‘சுமார்’ என்பதைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும், தோட்டத்து லைனில் வோல்டேஜ் ஏறி இறங்குவது போல இதுவும் ஏறி இறங்கும். அந்த 18 வோல்ட்டை 4 வோல்ட்டாக இறக்குவது எல்எம்2596. இதை அறியாத ஹார்டுவேர்க்காரர் இருக்க முடியாது. நேஷனல் செமிகண்டக்டரின் பழைய சிப், 2011-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கிய பிறகு அவர்கள் பெயரில் வருகிறது. 3 ஆம்பியர், 150 கிலோஹெர்ட்ஸ், 40 வோல்ட் வரை தாங்கும். கூட ஒரு 33 மைக்ரோஹென்றி காயில், எஸ்எஸ்34 என்ற 3 ஆம்பியர் ஷாட்கி டையோடு, வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். அவ்வளவுதான். சிப்புக்குள் இருக்கும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும்போது காயிலில் கரண்ட் ஏறும், அணைந்ததும் அதே கரண்ட் டையோடு வழியாகச் சுற்றி இறங்கும், கெப்பாசிட்டர் மேடு பள்ளத்தைச் சமன் செய்யும்.

4 வோல்ட் எதற்கு என்றால் மோடமுக்கு. அதில் இருப்பது சிம்800 வகை, 3.4-லிருந்து 4.4 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். சும்மா இருக்கும்போது ரொம்பக் கொஞ்சம்தான் இழுக்கும். டவரோடு பேசும்போது கதையே வேறு. ஜிஎஸ்எம்மில் 4.615 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃப்ரேம், அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 577 மைக்ரோசெகண்ட் மட்டும் மோடம் கத்தும். கத்தும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். எவ்வளவு பலமாகக் கத்த வேண்டும் என்பதை டவர்தான் சொல்லும்: பக்கத்தில் இருந்தால் மெல்ல, தூரத்தில் இருந்தால் முழுப் பலத்தோடு. ஆகவே கோயம்புத்தூரில் ஒரு மேசைமேல் வைத்துச் சோதித்தால் இந்த 2 ஆம்பியரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். மூலனூர் பக்கம் டவருக்கு ரொம்ப தூரத்தில் ஒரு மோட்டார் ரூமில் பார்ப்பீர்கள்.

முதல் புகார் இப்படித்தான் வந்தது. “காலைல நல்லா எடுக்குதுங்க, மத்தியானம் ஆச்சுன்னா சுவிட்ச் ஆஃப்னு வருதுங்க, சாயங்காலம் மறுபடி சரியாயிடுதுங்க.” ஒருவர் இல்லை, பல பேர். எல்லாம் டவர் சரியாக எட்டாத தோட்டங்கள். சிம்மை மாற்றிப் பார்த்தார்கள், வேறு கம்பெனி சிம் போட்டார்கள், ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே ஏற்றினார்கள். ஆன்டெனா ஏற்றியதில் சில இடத்தில் சரியானது, அதனால் ‘நெட்வொர்க் பிரச்சினைதான்’ என்று முடிவுகட்டிவிட்டார்கள். சிக்னல் கூடினால் மோடம் இழுக்கும் கரண்ட் குறையும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நெட்வொர்க்குக்கு மத்தியானம் என்ன, சாயங்காலம் என்ன? நேரத்தைப் பார்த்து ஒழுங்காக வரும் கோளாறு என்றால் முதலில் வெயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில், மூடிய பெட்டிக்குள், மதியம் 60–65 டிகிரி சாதாரணம்.

மேசையில் இதை வரவழைப்பது கஷ்டமில்லை. மோடமைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மாஸ்ஃபெட்டும் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) தடையும் வைத்து, 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை 577 மைக்ரோசெகண்ட் 2 ஆம்பியர் இழுக்கும் பொம்மைச் சுமை ஒன்று செய்துகொண்டால் போதும். காயிலின் ஒரு காலைத் தூக்கி அதோடு தொடராக 0.05 ஓம் தடை ஒன்றைச் சேர்த்து காயில் கரண்டின் அலையை ஆசிலாஸ்கோப்பில் பார்க்கலாம். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் காயில் ‘ஙீ’ என்று பாடும், அது 217 ஹெர்ட்ஸ், ரேடியோ பக்கத்தில் போன் வைத்தால் கேட்குமே அதே சத்தம்.

குளிர்ச்சியாக இருக்கும்போது ஸ்கோப்பில் தெரிந்தது ஒழுங்கான முக்கோண அலை. ஆனால் இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று, அலையின் வேகம் 150 இல்லை, 50 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். இரண்டு, முக்கோணத்தின் உயரம் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு. ஹாட் ஏர் கன்னை மெதுவாகக் காயிலின் மேல் காட்டினேன். முக்கோணத்தின் மேல் நுனி கொஞ்சம் கொஞ்சமாக வளைய ஆரம்பித்தது, நேராக ஏற வேண்டிய கோடு கடைசியில் ஒரு கொக்கி மாதிரி மேலே எகிறியது. எகிறிய இடத்தில் சிப் டக்கென்று வெட்டிவிட்டது. 4 வோல்ட் லைன் ஒவ்வொரு 577 மைக்ரோசெகண்டிலும் குழி விழுந்து 3.4-க்குக் கீழே போனது. மோடம் இருந்திருந்தால் அந்த இடத்தில் அணைந்திருக்கும்.

50 கிலோஹெர்ட்ஸில் ஓடும் எல்எம்2596 என்றால் அது எல்எம்2596 இல்லை. மேலே அச்சடித்த எழுத்து மட்டும்தான் அது. மலிவு மாட்யூல்களிலும் ரீல் ரீலாக வரும் மலிவு சிப்களிலும் இது பல வருடமாகத் தெரிந்த கதை: உள்ளே 150-க்குப் பதில் 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் வேறு ஏதோ ஒன்று இருக்கும். வோல்டேஜ் சரியாகத்தான் வரும், மல்டிமீட்டரில் எந்த வித்தியாசமும் தெரியாது.

இந்த இடத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் மீதி புரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 18 வோல்ட், சிப்பின் ஸ்விட்சில் 1.2 வோல்ட் போகும் (இது பைபோலார் டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட் இல்லை), டையோடில் அரை வோல்ட். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 26 சதவீத நேரம் ஸ்விட்ச் ஆனில் இருக்கும். 150 கிலோஹெர்ட்ஸில் அது 1.73 மைக்ரோசெகண்ட். காயிலின் மேல் அப்போது 12.8 வோல்ட். 33 மைக்ரோஹென்றிக்கு கரண்ட் 0.67 ஆம்பியர் ஏறும். மோடமும் மற்றதும் சேர்ந்து 2.1 ஆம்பியர் இழுத்தால், காயிலின் உச்ச கரண்ட் அதோடு ஏற்றத்தில் பாதி, 2.44 ஆம்பியர். அதே கணக்கை 50 கிலோஹெர்ட்ஸுக்குப் போட்டால் ஏற்றம் 2 ஆம்பியருக்கு மேல், உச்சம் 3.1.

போர்டில் இருந்த காயிலை விற்றவர் 3 ஆம்பியர் காயில் என்று விற்றார். பொய் இல்லை. ஆனால் காயிலுக்கு இரண்டு வகை ஆம்பியர் கணக்கு உண்டு: எவ்வளவு கரண்டில் அது தாங்காத அளவு சூடாகும் என்பது ஒன்று, எவ்வளவு கரண்டில் அதன் ஃபெரைட் உள்ளகம் காந்தத்தால் நிறைந்து இண்டக்டன்ஸ் (கரண்டைச் சட்டென்று ஏறவிடாமல் தடுக்கும் குணம்) சரியும் என்பது இன்னொன்று. விற்பவர்கள் எது பெரிதோ அதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். இந்தக் காயிலில் சூட்டுக் கணக்கு 3.2, நிறைவுக் கணக்கு 2.8. அந்த 2.8-ம் 25 டிகிரியில். ஃபெரைட்டின் நிறைவு எல்லை சூட்டில் இறங்கும்: 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். பெட்டிக்குள் 65, காயிலின் சொந்தச் சூடு சேர்ந்து 90 என்று வைத்தால் 2.8 என்பது 2.3 பக்கம் வந்து நிற்கும். போலி சிப்பின் உச்சம் 3.1.

இப்போது படம் முழுசாகத் தெரிகிறது. இரவில் காயில் விளிம்பில் நின்று எப்படியோ சமாளித்தது. மத்தியானம் நிறைவடைந்தது, இண்டக்டன்ஸ் சரிந்தது, கரண்ட் எகிறியது, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெட்டியது. வெட்டியதால் 2.1 ஆம்பியர் கேட்ட இடத்துக்கு 1.6-தான் போனது. மீதி அரை ஆம்பியரை 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கொடுக்க வேண்டும். 577 மைக்ரோசெகண்டுக்குக் கொடுத்தால் அதில் 0.61 வோல்ட் இறங்கும். 4-லிருந்து 0.61 போனால் 3.39. மோடத்தின் எல்லை 3.4. கெப்பாசிட்டரின் உள்தடையால் வரும் இறக்கம் இதற்கு மேலே. சுமை என்னவோ 2.1 ஆம்பியர்தான், ரெகுலேட்டர் 3 ஆம்பியர் ரெகுலேட்டர்தான், யாரும் யாரையும் ஓவர்லோடு செய்யவில்லை. ஆனாலும் ஓவர்கரண்ட் பாதுகாப்பு வேலை செய்தது, ஏனென்றால் அது பார்ப்பது சுமையின் கரண்டை இல்லை, ஸ்விட்சின் உச்ச கரண்டை. இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி தலைவலி தீரும்.

அவர் செய்த வைத்தியம் நேரடியானது. நம்பகமான விநியோகஸ்தரிடம் அசல் சிப் வாங்கிப் போட்டார். 150 கிலோஹெர்ட்ஸ், உச்சம் 2.44, கூடவே கெப்பாசிட்டரை 1000 மைக்ரோஃபாரடாக ஏற்றினார். சூட்டில் காயில் இன்னும் கொஞ்சம் விளிம்பில்தான் இருந்தது, ஆனால் அசல் சிப்பின் வெட்டும் எல்லை உயரம் என்பதால் வோல்ட் இறங்கவில்லை. மத்தியானப் புகார் நின்றுவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

பிறகுதான் கருகிய போர்டுகள் வர ஆரம்பித்தன.

எல்லாவற்றிலும் ஒரே கோலம். டையோடு இருந்த இடம் கருப்பு, சிலவற்றில் டையோடே இல்லை, ஈயம் உருகி நகர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் போர்டின் பச்சை நிறம் பழுப்பாகியிருந்தது. எல்எம்2596 உள்ளே ஷார்ட். மோடமும் காலி, அதுதான் போர்டிலேயே விலை கூடின பொருள். ஆனால் உள்வரும் பக்கத்து ஃபியூஸ்? பல போர்டில் நன்றாகவே இருந்தது! இதைப் பார்த்துவிட்டு ‘மேலேயிருந்து இடி இறங்கியிருக்கும்’ என்று சர்வீஸ் ஆள் ஒருவர் சொன்னார். இடி இறங்கினால் உள்வரும் பக்கம்தான் முதலில் சிதறும். இங்கே நோய் வெளியேறும் பக்கத்திலிருந்து உள்ளே வந்திருக்கிறது.

வெளியேறும் பக்கத்தில் பெட்டியை விட்டு வெளியே போவது ஒன்றுதான், அந்தத் தொட்டி சென்சார் வயர். 4 வோல்ட் லைனிலிருந்து நேராக, நடுவில் எதுவும் இல்லாமல். தோட்டத்தில் ஐம்பது அறுபது மீட்டர் ஓடுகிறது, அணில் கடிக்கும், மண்வெட்டி படும், ஜாயிண்டில் டேப் பிய்ந்து தண்ணீர் இறங்கும். அங்கே இரண்டு கம்பி தொட்டால் 4 வோல்ட் லைன் ஷார்ட்.

ஷார்ட் ஆனால் என்ன, அதற்குத்தானே கரண்ட் லிமிட்? அதுதான் விஷயமே. கரண்ட் லிமிட் இருந்தது, ஒழுங்காக வேலையும் செய்தது.

எல்எம்2596-ன் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாள்) கரண்ட் லிமிட் என்ற வரியைத் தேடிப் பாருங்கள். பொதுவாக 4.5 ஆம்பியர், குறைந்தபட்சம் 3.6, அதிகபட்சம் 6.9 என்று இருக்கும் (முழு வெப்ப வரம்புக்கும் என்றால் இன்னும் அகலம், 3.4-லிருந்து 7.5). நடுவில் இருக்கும் 4.5-ஐப் பார்த்துவிட்டு நகர்வதுதான் வழக்கம். ஆனால் டிசைனுக்குத் தேவையான எண் அது ஒன்று மட்டும் இல்லை. சுமை கேட்கும் உச்சம் குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் புகார். கரண்ட் ஓடும் பாதையில் உள்ள எல்லாப் பொருளும் அதிகபட்ச எல்லையைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது புகார். போலி சிப் 3.2 ஆம்பியர் பக்கமே வெட்டிக்கொண்டிருந்தது, அதனால் ஷார்ட் ஆனபோதும் 3 ஆம்பியர் டையோடு முக்கி முனகிப் பிழைத்தது. அசல் சிப் தன் டேட்டாஷீட்டுக்கு விசுவாசமாக 4.5, 5 என்று விட்டது. டையோடு செத்தது.

ஷார்ட்டின்போது உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், எனக்கு இந்த இடம்தான் பிடித்த இடம். வெளியீடு பூஜ்யம். ஸ்விட்ச் ஆன் ஆனால் காயிலின் மேல் கிட்டத்தட்ட முழு 17 வோல்ட்டும் விழும், கரண்ட் சர்ரென்று எல்லையைத் தொடும், சிப் வெட்டும். வெட்டிய பிறகு கரண்ட் இறங்க வேண்டும், ஆனால் இறக்குவதற்கு வெளியீட்டில் 4 வோல்ட் இல்லை. டையோடின் அரை வோல்ட்டும் காயில் கம்பியின் தடையும்தான் இருக்கிறது. ஆகவே ஏறுவது வேகமாக, இறங்குவது ஆமை வேகத்தில். அடுத்த சுற்று வருவதற்குள் கரண்ட் போதுமான அளவு இறங்கவில்லையென்றால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் எல்எம்2596 இரண்டாம் கட்டமாக, நிலைமை மோசமானால், தன் வேகத்தையே குறைத்துக்கொள்கிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி நீளும், காயிலுக்கு இறங்க நேரம் கிடைக்கும். நல்ல ஏற்பாடு, பழைய சிப் என்று கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சுற்றில் ஸ்விட்ச் ஆனில் இருப்பது மிகச் சிறிய நேரம். மீதி நேரம் முழுக்க, தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலாக, அந்த நாலரை ஐந்து ஆம்பியரும் டையோடு வழியாகத்தான் சுற்றுகிறது. சிப்புக்கு அதிகச் சூடு இல்லை. சிப்புக்குள் ஓவர் டெம்பரேச்சர் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அது தன் உடம்பு சூட்டை மட்டுமே பார்க்கும். டையோடில் இரண்டு வாட்டுக்கு மேல் எரிகிறது, சுற்றிலும் நகக்கண் அளவு தாமிரம், வாட்டுக்கு 60–80 டிகிரி ஏறும், பெட்டிக்குள் ஏற்கெனவே 65. கூட்டினால் 185-ஐத் தாண்டும். ஷார்ட் சில நொடி இருந்தால் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்க இருந்தால்? தோட்டத்தில் நாள் முழுக்கத்தான் இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. இது லீனியர் ரெகுலேட்டர் இல்லை, வெளியே 5 ஆம்பியர் ஓடினால் உள்ளேயும் 5 ஓட வேண்டும் என்பதில்லை. டையோடு, காயில், சிப் எல்லாவற்றிலும் சேர்ந்து எரிவது ஐந்து வாட் பக்கம். 18 வோல்ட்டிலிருந்து அதை எடுக்க 0.28 ஆம்பியர் போதும். மோடம் முழுப் பலத்தில் கத்தும்போது உள்ளே இழுக்கும் உச்சம் இதைவிட அதிகம். ஷார்ட் ஆனபோது ஃபியூஸ் வழியாக ஓடியது அதைவிடக் குறைவு! அந்த ஃபியூஸை எவ்வளவு சின்னதாகப் போட்டாலும் வெளியீட்டு ஷார்ட்டை அது பார்க்காது.

பிறகு நடந்தது வரிசையாக விழுந்த சாவுகள். டையோடு உள்ளே உருகி ஷார்ட் ஆகிவிட்டது. இப்போது ஸ்விட்ச் ஆன் ஆனால் நடுவில் காயில் இல்லை, நேராக கிரவுண்ட். சிப்பின் கரண்ட் லிமிட் ஒரு காயில் இருக்கிறது, கரண்ட் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது, இந்த அடியை அது தாங்காது. சிப்பின் டிரான்சிஸ்டர் ஷார்ட். இப்போதுதான் உண்மையான உள்வரும் ஷார்ட், சில போர்டில் ஃபியூஸ் போனது. மற்றதில் ஃபியூஸ் போவதற்கு முன்பே டையோடு வெடித்துத் திறந்துகொண்டது. திறந்ததும் 18 வோல்ட், ஷார்ட் ஆன சிப் வழியாக, காயில் வழியாக, நேராக 4 வோல்ட் லைனுக்கு. வயரில் ஷார்ட் விலகிய நேரமாக இருந்தால் மோடம் அதே நொடியில் காலி.

டேட்டாஷீட்டில் இதற்கு எச்சரிக்கை இல்லையா என்றால், இருக்கிறது. டையோடு தேர்வு பற்றிய பகுதியில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்: சாதாரணமாக சுமையைப் போல 1.3 மடங்கு போதும், ஆனால் வெளியீடு தொடர்ந்து ஷார்ட்டில் கிடந்தாலும் தாங்க வேண்டும் என்றால் டையோடு சிப்பின் அதிகபட்ச கரண்ட் லிமிட் அளவுக்கு இருக்க வேண்டும். அந்த வரியைத் தாண்டிப் போவது சுலபம், ஏனென்றால் முதல் பக்கத்திலேயே கரண்ட் லிமிட், தெர்மல் ஷட்டவுன் என்று இரண்டும் பெருமையாக இருக்கிறது, அதைப் பார்த்ததும் மனசு ‘ஷார்ட் புரூஃப்’ என்று குறித்துக்கொள்கிறது. சிப் தன்னைத்தான் காக்கும் என்று சொல்கிறது, உங்கள் போர்டைக் காப்பேன் என்று எங்கேயும் சொல்லவில்லை.

சரி, என்ன செய்வது என்று உட்கார்ந்தபோது ஆளுக்கொரு யோசனை. சர்வீஸ் ஆள் சொன்னது பழைய போலி சிப்புக்கே போய்விடலாம் என்று (லாஜிக் இல்லாமல் இல்லை!). இன்னொருவர் பாலிஃபியூஸ் (கரண்ட் கூடினால் சூடாகித் தடுத்து, ஆறியதும் தானே சரியாகும் ஃபியூஸ்) என்றார். அது நல்லதுதான், ஆனால் சூட்டில் அதன் தாங்குதிறன் இறங்கும், 500 மில்லி ஆம்பியர் என்று எழுதியது 60 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், அதையும் கணக்கில் எடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது, ஹிக்கப் முறை உள்ள புது சிப்புக்கு மாறுவது.

ஹிக்கப் என்பது விக்கல்தான். ஓவர்கரண்ட் என்றால் சிப் முழுசாக நிறுத்திவிடும், கொஞ்ச நேரம் கழித்து மெல்ல முயன்று பார்க்கும், இன்னும் ஷார்ட் என்றால் மறுபடி நிறுத்தும். 2 மில்லிசெகண்ட் முயற்சி, 50 மில்லிசெகண்ட் ஓய்வு என்றால் சராசரிச் சூடு நான்கு சதவீதத்துக்கு இறங்கிவிடும். டையோடு கருகும் பேச்சே இல்லை. தொடர் ஷார்ட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து கிடையாது. ஆனால் இந்தப் போர்டுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மோடமுக்காக வெளியீட்டில் 2200 மைக்ரோஃபாரட் வைத்து, அந்த சிப் ஒரு மில்லிசெகண்டில் 4 வோல்ட்டுக்கு ஏற முயன்றால், கெப்பாசிட்டரை நிரப்ப மட்டும் 8.8 ஆம்பியர் வேண்டும். சிப் அதை ஷார்ட் என்று நினைத்து நிறுத்தும், மறுபடி முயலும், மறுபடி நிறுத்தும். போர்டு உயிரே பெறாது. எல்எம்2596 இந்த விஷயத்தில் முரடு, இழுத்துப் பிடித்து எப்படியாவது ஏறிவிடும். ஹிக்கப் சிப் போட்டால் சாஃப்ட் ஸ்டார்ட்டை, அதாவது வோல்டேஜ் மெல்ல ஏறும் நேரத்தை, பத்து மில்லிசெகண்டுக்காவது நீட்ட வேண்டும், அப்போது நிரப்பும் கரண்ட் ஓர் ஆம்பியருக்குக் கீழே வரும்.

புது சிப்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஒரு மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை, 4.7 மைக்ரோஹென்றி காயில், ஸ்விட்ச் ஆன் ஆனால் குறைந்தது 100 நானோசெகண்டாவது ஆனில்தான் இருக்கும், அதற்குள் கரண்டைப் பார்த்து வெட்ட முடியாது. ஷார்ட்டில் அந்த 100 நானோசெகண்டில் 0.38 ஆம்பியர் ஏறும். கீழே டையோடுக்குப் பதில் இன்னொரு ஸ்விட்சாக மாஸ்ஃபெட் என்பதால் இறக்கும் வோல்டேஜ் இன்னும் குறைவு, மாஸ்ஃபெட்டும் காயிலும் சேர்ந்து 0.06 ஓம் என்றால் 3 ஆம்பியரில் ஒரு சுற்றுக்கு 0.03-தான் இறங்கும். பத்தே மைக்ரோசெகண்டில் மூன்று ஆம்பியருக்கு மேல் கூடிவிடும். கணக்குப்படி ஏற்றமும் இறக்கமும் சமமாவது 30 ஆம்பியரைத் தாண்டித்தான், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மேல் ஸ்விட்சின் உச்சத்தை மட்டும் பார்க்கும் கரண்ட் லிமிட் இங்கே ஏட்டுச் சுரைக்காய். கீழ் ஸ்விட்சின் கரண்ட் இறங்கும்வரை அடுத்த சுற்றைத் தொடங்கவே விடாத சிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் சிப். டேட்டாஷீட்டில் ‘சைக்கிள் பை சைக்கிள்’ (ஒவ்வொரு சுற்றிலும் உச்சத்தைப் பார்த்து வெட்டுவது) என்று மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் போர்டுக்குச் செய்தது இதையெல்லாம் விட எளிது. அந்தத் தொட்டி சென்சார் இழுப்பது வெறும் 10 மில்லி ஆம்பியர். அதன் வயரில், பெட்டியை விட்டு வெளியேறும் இடத்தில், தொடராக 22 ஓம் தடை ஒன்று. சாதாரணமாக அதில் 0.22 வோல்ட் போகும், சென்சாருக்குக் கவலையில்லை. வயர் ஷார்ட் ஆனால் 4 வோல்ட்டை 22 ஓமால் வகுத்தால் 0.18 ஆம்பியர், ரெகுலேட்டருக்கு விஷயமே தெரியாது, மோடம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். தடையில் முக்கால் வாட் எரியும், பெட்டிச் சூட்டையும் சேர்த்துப் பார்த்து 2 வாட் தடையாகப் போட்டாயிற்று, போர்டை விட்டுக் கொஞ்சம் தூக்கி நிற்கவைத்து. என்னைக் கேட்டால் இந்தக் கேஸில் உண்மையான ஓவர்கரண்ட் பாதுகாப்பு இந்தத் தடைதான், சில ரூபாய்ப் பொருள்.

கூடவே டையோடை 8 ஆம்பியர் ஷாட்கியாக மாற்றி, அடியில் தாமிரத்தைப் பரப்பினோம், ஏனென்றால் ஷார்ட் வயரில் மட்டும்தான் வரும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, கெப்பாசிட்டரே ஷார்ட் ஆகலாம். காயிலை ஃபெரைட்டிலிருந்து இரும்புத்தூள் வளையத்துக்கு மாற்றியாயிற்று. இடம் கூட வேண்டும், இழப்பும் கொஞ்சம் கூடுதல், ஆனால் அது சட்டென்று சரியாது, கரண்ட் ஏற ஏற மெல்லத்தான் இண்டக்டன்ஸை விடும், கொக்கி விழாது. 150 கிலோஹெர்ட்ஸில் அதற்குமேல் ஆசைப்பட வேண்டியதில்லை. 18 வோல்ட் நேராக மோடமுக்குப் போவதைத் தடுக்க 4 வோல்ட் லைனில் ஒரு கிளாம்ப் டையோடு (வோல்டேஜ் எல்லை தாண்டாமல் பிடித்து வைப்பது) வைக்கலாமா என்று பேச்சு வந்தது. சிப் ஷார்ட் ஆனபின் தொடர்ந்து வரும் கரண்டை அதுவும் தாங்காது, முன்னால் போகக்கூடிய சரியான ஃபியூஸோடு சேர்த்தால் மட்டுமே பயன் என்பதால், ஃபியூஸ் அளவை இறக்கி இரண்டையும் சேர்த்தே போட்டார்.

சோதனையிலும் இரண்டு சேர்ந்தன. ஒவ்வொரு புது ரீல் சிப் வந்ததும் ஒன்றை ஓட்டி ஸ்கோப்பில் வேகத்தைப் பார்ப்பது, 150 பக்கம் இல்லையென்றால் ரீலைத் திருப்பி அனுப்புவது. அப்புறம், ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் ஒரு போர்டை 65 டிகிரி அடுப்பில் வைத்து, சென்சார் வயரை இல்லை, 4 வோல்ட் லைனையே தடைக்கு முன்னால் ஷார்ட் செய்து, ஒரு மணி நேரம் விட்டு, டையோடின் மேல் ஒட்டிய தெர்மோகப்பிளைப் படிப்பது. பலரும் ஷார்ட் சோதனை என்று ஸ்க்ரூடிரைவரால் ஒரு நொடி தொட்டுவிட்டு, வோல்ட் திரும்பி வந்தால் ‘பாஸ்’ போடுகிறார்கள். அந்தச் சோதனையில் கருகிய போர்டுகளும் பாஸ்தான்.

அடுத்த பதிப்புக்கு 4ஜி மோடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்டிஇயில் (அதுதான் 4ஜி) அந்த 577 மைக்ரோசெகண்ட் அடி கிடையாது, உச்சமும் குறைவு, அதனால் ரெகுலேட்டரைச் சின்னதாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். அவர் காட்டிய மாடல் 4ஜி கிடைக்காத இடத்தில் 2ஜிக்கு, அதாவது பழைய ஜிஎஸ்எம்முக்கு, இறங்கும் வகை. மூலனூர் தோட்டத்தில் அது இறங்கத்தான் செய்யும், இறங்கினால் மறுபடி அதே 2 ஆம்பியர்.